விடிஞ்சா ஒரு மணி

ஏ தாயி, நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை ஒங்க ஆச்சி மூணு தடவ போடச் சொல்லிக் கேட்டா. நாலாந் தடவ அழுதுட்டா. "எம் பேத்தி பொங்கலும் அதுவுமா சீமையில ஒத்தையில கெடக்காளே"ன்னு ஒரே பொலம்பல். நான் அழல. எத்தியோப்பியாவுல நீ இருக்கிற பிஷோஃப்டுங்கிற ஊர்ப்பேர நாக்குல ஒட்ட வைக்கவே எனக்கு ஒரு மாசம் ஆச்சு. இப்ப ஒம் மாமன் மவன் போனை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கான். அவன் கை கடுக்கிறதுக்குள்ள சொல்ல வேண்டியதச் சொல்லிருதேன், கேட்டுக்கோ.

மொதல்ல அந்த அச்சுவெல்லம். ரெண்டு கிலோ அனுப்பி வைக்கச் சொல்லி ஒங்கப்பன்ட்டக் கேட்டிருக்கே. அவன் கோவில்பட்டிக்குப் போய் கூரியர்ல வெல விசாரிச்சுட்டு, மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தான். அந்தக் காசுக்கு ஒரு ஆட்டுக்குட்டி வாங்கிக் கட்டிரலாமாம். ஏளா, ஆப்பிரிக்காவுலயே தேன் கூடுதலா எடுக்கிற நாடு எத்தியோப்பியான்னு நீதானே சொன்னே? தேன் குடத்துக்குப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு வெல்லத்துக்கு அழுதா எப்படி? ஊத்து தேன. சூரிய பகவான் என்ன, கடைச் சீட்டா கேக்கப் போறாரு?

பச்சரிசியும் சரியில்லங்கே. எனக்கு ஒன் வயசு இருக்கையில இந்தக் கரிசக்காட்டுல நெல்லுச்சோறு தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான். மத்த நாளெல்லாம் கம்பு, சோளம், குதிரவாலி. அங்க தெஃப்புன்னு ஒரு தானியம், கடுகைவிடச் சின்னது, கையில அள்ளினா விரலிடுக்குல ஒழுகிருதுன்னு சொன்னே பாரு, அதைப் புளிக்க வச்சு இஞ்சரான்னு மொறம் அகலத்துக்கு ஆப்பம் ஊத்துதாங்கன்னு, அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒறக்கமே வரல. அரிசி வாய்க்கலேன்னா அந்தத் தெஃப்பைப் போட்டுக் கிண்டு. தெய்வக்குத்தம்னு ஒங்காத்தா சொல்லுவா. அவ கிண்டுற ரவாக் கேசரிக்கே வராத குத்தமா இதுக்கு வரப்போவுது?

அரிசிதான் போடுவேன்னா ஒண்ணு கவனிச்சுக்கோ. ஒன் ஊரு சுமார் 1,900 மீட்டர் ஒசரம். நம்ம குன்னூர்னு வச்சுக்கோ. அங்க தேயிலத் தோட்டத்துல இருந்த என் மச்சினன் வீட்டுக்கு ஒரு பொங்கலுக்குப் போயிருந்தேன். அந்த ஒசரத்துல தண்ணி 100 டிகிரி வரைக்கும் காத்திருக்காது, 93, 94-லயே தளதளன்னு கொதிச்சுரும். கொதிச்சுருமே தவிர அரிசி வேகாது. பாலு பொங்கியாச்சு, பிள்ளைகள் கத்தியாச்சு, இலையில விழுந்தா ஒவ்வொரு பருக்கையும் நறுக்கு நறுக்குன்னு கெடக்கு. மச்சினன் பொண்டாட்டி கோவிச்சுக்குவாளேன்னு "பதமா இருக்கு தாயி"ன்னு சொல்லிக்கிட்டே மென்னேன். கடவாப்பல்லு ஆட ஆரம்பிச்சது அன்னைக்குத்தான். அதனால அரிசியையும் பருப்பையும் மொத நா ராத்திரியே ஊறப் போட்டிரு.

இந்தத் தை ஒண்ணு வியாழக்கிழமையில வருது, தப்பிச்சே. புதனும் வெள்ளியும் ஒன் அக்கம்பக்கத்துக்காரங்க விரதம், பாலு நெய்யி தொடமாட்டாங்கன்னியே. ஒரு வெள்ளிக்கிழமையில பொங்கல் வந்திருந்தா நெய்யி மெதக்க மெதக்க வச்சு நீயே முழுப்பானையையும் தின்னு தீத்திருக்கணும்.

இனி நேரத்துக்கு வாரேன். தீவாளிக்குப் பணியாரம் சுட்டு வச்சுக்கிட்டு, "ஏழு மணிக்கு வாங்க"ன்னு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளக் கூப்பிட்டே. ஒரு குஞ்சு எட்டிப் பாக்கல. கோவத்துல பாதிப் பணியாரத்த நீயே காலி பண்ணிட்டு மூக்கச் சிந்திக்கிட்டு இருக்கையில, மத்தியானம் ஒரு மணிக்கு மொத்தக் கூட்டமும் தலைய வழிச்சுச் சீவிக்கிட்டு வந்து நிக்கி. பிள்ளைக மேல தப்பில்ல தாயி. விடிஞ்சதுலருந்து மணிய எண்ணுறவங்க அவங்க. நம்ம காலம்பற ஏழு, அவங்களுக்கு ஒண்ணு. நம்ம மத்தியானம் ஒண்ணு, அவங்களுக்கு ஏழு. எங்க தாத்தாவும் சூரியன் உதிச்சதுலருந்துதான் நாழிகை எண்ணுவாரு. நாளுக்கு 60, நாழிகைக்கு 24 நிமிஷம். வெள்ளக்காரன் கடியாரத்தக் கட்டிக்கிட்டு நாமதான் நடுராத்திரியில, எல்லாரும் குறட்டை விடையில, நாள ஆரம்பிக்கோம். நீ கணக்கு டீச்சர் வேற!

வருசக் கணக்கு அதைவிட ஜோரு. இங்க 2026, அங்க 2018. ஒங்காத்தா ஒன் ஜாதகத்தத் தூக்கிக்கிட்டு அலையுதா, தரகர் ஒன் வயசுல ரெண்டக் குறைச்சுச் சொல்லுதாரு. எட்டையே குறைக்கிற நாடு ஒண்ணு இருக்குன்னு நான் இன்னும் அவர்ட்டச் சொல்லல. அப்புறம் அந்தப் பதிமூணாவது மாசம். பன்னெண்டு மாசத்துக்கும் முப்பது முப்பது நாளு, மிச்சம் அஞ்சோ ஆறோ நாளுக்கு ஒரு குட்டி மாசம். மத்த வாத்தியாருகளா இருந்தா அந்த மாசத்துக்குச் சம்பளம் உண்டான்னு கொடி பிடிச்சிருப்பாங்க. நீ சேவைக்குப் போனவ. ஒனக்குப் பதிமூணு மாசமும் ஒண்ணுதான். ஹைலி செலாசி ராசா காலத்துலயே நம்ம நாட்டு வாத்தியாருக அங்க கூட்டங்கூட்டமாப் போனாங்க. பக்கத்தூருக் கணக்கு வாத்தியாரு ஒருத்தர் போயிட்டு வந்து மச்சு வீடு கட்டினாரு. நீ திரும்பி வந்து என்ன கட்டப் போறேன்னு ஒங்கப்பன் கேக்கான். "தாலி கட்டிக்கிடுவா"ன்னு ஒங்காத்தா சொல்லுதா. நான் வாயத் தொறக்கல.

சரி, பள்ளிக்கூடத்துல "தமிழர் திருநாள்"னு படம் போட்டுக் காட்டப் போறேன்னியே, அதுக்கு வாரேன். காட்டு, வேண்டாங்கல. ஆனா அக்டோபர்ல ஒன் ஊரு ஏரிக்கரையில, இரேச்சான்னு ஓரோமோ சனங்க பச்சைப் புல்லும் பூவும் கையில ஏந்தி, மழைக்காலம் முடிஞ்சதுக்கு நன்றி சொல்லக் கூடினாங்களே, நீ கும்பல்ல செருப்பத் தொலைச்சுட்டு வந்தியே, அந்தப் பிள்ளைகளுக்கா வெள்ளாமக்கு நன்றி சொல்லப் படம் போடப் போறே? நமக்குப் பொங்கல் முடிஞ்ச நாலாம் நாளு, 19-ம் தேதி அவங்களுக்குத் தெம்காத் திருநாள். ஊரே வெள்ளத் துணி கட்டித் தண்ணிக்குப் போகும். திருநாளுக்குத் தரையில புல்லைப் பரப்பி, சாம்பிராணி போட்டு, காப்பிக்கொட்டைய அங்கயே வறுத்து, மண்கூசாவுல காச்சி மூணு வட்டம் ஊத்துவாங்களாமே. ஒன் பானைய அந்தப் புல்லு மேல கொண்டு போய் எறக்கு. ரூமுக்குள்ள கதவச் சாத்திக்கிட்டு, செல்போன்ல நாதஸ்வரத்தப் போட்டு மூக்கச் சிந்தாத. பாலு பொங்கையில குலவை போட யாரு இருக்கான்னு கேட்டியே, அந்தப் பொம்பளைகளே போடுவாங்க. அதுக்கு இலில்தான்னு பேரு, நாக்கச் சொழட்டிப் போடுறது. ஒங்க ஆச்சி நாக்கவிடச் சுருதியாப் போடுதாங்கன்னு நீ அனுப்பின கல்யாண வீடியோவுலயே கேட்டேன்.

மாட்டுப் பொங்கலுக்குன்னு அடுத்தவன் மாட்டுக் கொம்புக்குச் சாயம் பூசப் போயிராத. முட்டினா தமிழ் மாடு, ஓரோமோ மாடுன்னு பாக்காது. களத்துக்குப் போயி ஓரமா உக்காரு. தெஃப்புக் கதிரப் பரப்பி, மாடுகளச் சுத்தவிட்டு மிதிக்க வைக்கிறதப் பாரு. நாமளும் அப்படித்தான் போரடிச்சோம். இப்ப மெஷின் வருது, ரெண்டு மணி நேரத்துல காட்ட வழிச்சுட்டுப் போயிருது. நம்ம தொழுவத்துல இப்ப ஒங்கப்பன் பைக் நிக்கி.

ஏலேய், கைய எடுத்துராத, இன்னும் இருக்கு.

நீ "வீட்டுப் பொங்கல், வீட்டுப் பொங்கல்"னு ஏங்குதியே, உள்ளதச் சொல்லுதேன். போன வருசம் இங்க பொங்கல் குக்கர்ல வெந்துச்சு. குலவைக்குப் பதிலா மூணு விசில். மூணாவது விசிலுக்கு ஒங்கப்பன் டீவியிலருந்து கண்ண எடுக்காமலே "பொங்கலோ பொங்கல்"னான். ஆச்சி பேருக்குக் கரும்புத் தோகைய அடுப்பு மேடையில சாத்தி வச்சா, அது கேஸ்ல பத்திக்கிருச்சு. நீ ஊர்ல இல்லாததால தப்பிச்சே.

களத்துல மாடு சுத்துறத வீடியோ எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு. ஆச்சி போனுக்கு அனுப்பிராத. பாத்துட்டு, இந்தக் குக்கரை வாங்கிக் கொடுத்த ஆளு யாருன்னு பழைய பஞ்சாயத்தக் கெளப்புவா.