சும்மா உருளாத சைக்கிள்

லண்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ராமகுப்பத்தில் மழை உண்டா, தக்காளி என்ன விலை போகிறது, கௌண்டின்யா காட்டு யானைகள் இந்த வருஷம் யார் நிலத்தில் விருந்து சாப்பிட்டன என்றெல்லாம் எழுதவும். லண்டனில் யானை கிடையாது. அந்தக் குறையைச் சைக்கிள் திருடர்கள் தீர்த்துவைக்கிறார்கள்.

நான் சைக்கிள் வாங்கிய சேதியைச் சொன்னதும் போனில் உங்கள் பக்கம் சத்தமே இல்லை. "கார் வாங்குவான்னு பார்த்தா..." என்று சித்தி முணுமுணுத்தது மட்டும் கேட்டது. மீதிக் கதையையும் கேளுங்கள்.

இந்த ஊரில் ஒரு கூட்டம் இருக்கிறது. கியர் வைத்த பழைய ரேஸ் சைக்கிளைத் தேடி வாங்குவார்கள். கியரைக் கழற்றுவார்கள். மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் போகும். கடைசியில் ஃப்ரீவீலும் போய்விடும். அப்புறம் பின்சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும், இறக்கத்தில்கூடக் காலுக்கு ஓய்வில்லை. பேர் 'ஃபிக்ஸி'. ஃப்ரீவீல் ஜாமாகி இந்த நிலைக்கு வந்த சைக்கிளை நம் ஊரில் உங்கள் கடைக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். நீங்கள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுச் சரி செய்வீர்கள். இங்கே அந்த நோயைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நானும் வாங்கிவிட்டேன்.

இது இன்று முளைத்த கிறுக்கு இல்லை. 1900-க்கு முன்னால் பெரும்பாலான சைக்கிள்கள் இப்படித்தான் ஓடின. தெற்கு லண்டனில் ஹெர்ன் ஹில் என்ற இடத்தில் 1891-இல் திறந்த பந்தயத் தடம் ஒன்று உண்டு. 1948 ஒலிம்பிக்கின் தடச் சைக்கிள் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. அந்த மாதிரித் தடங்களில் இன்றைக்கும் ஃப்ரீவீலும் பிரேக்கும் இல்லாத வண்டிதான். ஜப்பானில் அதே 1948-இல் தொடங்கிய கெய்ரின் பந்தயத்தில் இந்த வண்டிகள்மேல் ஜனங்கள் பணமே கட்டுகிறார்கள்.

கழற்றுவது சுலபம். பின்சக்கரம்தான் ஆளைத் தின்கிறது. "பழைய ஹப்பிலேயே ஃப்ரீவீலைக் கழட்டிட்டு, ஒரு பல்சக்கரத்தை முறுக்கிட வேண்டியதுதானே?" என்பீர்கள். அப்படிச் செய்கிறவர்களும் உண்டு. ஆனால் வேகத்தைக் குறைக்கப் பெடலைப் பின்பக்கம் அழுத்தும்போது பல்சக்கரம் மரையிலிருந்து கழன்றுகொள்ளும். இங்கே அதற்குத் 'தற்கொலை ஹப்' என்றே பட்டம் கொடுத்திருக்கிறார்கள். ஒழுங்கான ஹப்பில் பல்சக்கரத்துக்குமேல் ஒரு லாக் ரிங் உட்காரும், நம் இடது பெடலைப் போல லெஃப்ட் த்ரெட்டில். பல்சக்கரம் எந்தப் பக்கம் கழலப் பார்க்கிறதோ, அந்தப் பக்கம் திரும்பினால் லாக் ரிங் இறுகும்.

அந்த ஹப்பின் அகலம் 120 மி.மீ. என் பழைய ஃபிரேமில் சக்கரம் உட்காரும் இடம் 126. இரண்டு பக்கமும் 3 மி.மீ. வாஷர் போட்டுச் சமாளித்தேன். பழைய ரிம் 27 இஞ்ச், இப்போது கிடைப்பது 700சி. ஆரத்தில் 4 மி.மீ. குறைவு, அதனால் பிரேக் கட்டையை அந்த அளவுக்குக் கீழே இறக்க வேண்டியிருந்தது. நல்ல வேளையாக, நம் ஊர் சைக்கிள் போலச் சக்கரத்தைப் பின்னால் இழுத்துச் செயினை இறுக்கும் ஃபிரேம். இல்லாவிட்டால் முழு ஃபிரேமும் வீண்.

சக்கரம் கட்டக் கூலி விசாரித்தேன். அந்தக் காசுக்கு நம் ஊரில் ஏறக்குறைய ஒரு புதுச் சைக்கிளே வாங்கலாம். "உங்க சித்தப்பா கடையிலதானே வளர்ந்தீங்க?" என்று உங்கள் மருமகள் ஒரே கேள்வியில் விஷயத்தை முடித்துவிட்டாள். சமையலறை மேடையில் ஹப், ரிம், 36 போக்ஸ் கம்பி. ஒரு பக்கத்துக்கு 18, அதில் ஒன்றுவிட்டு ஒன்று உள்ளிருந்து வெளியே. ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பியைக் குறுக்கே கடக்க வேண்டும், வெளிப்பக்கக் கம்பி மூன்றாவதன் அடியில் நுழைய வேண்டும். பழைய ஃபோர்க்கைத் தலைகீழாகக் கட்டி, சாக்பீஸை ரிம்மோரம் பிடித்து, சுண்ணாம்பு பட்ட இடத்தில் நிப்பிளைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்பிக் கோட்டம் எடுத்தேன். எல்லாம் உங்கள் முறை. கியர் சக்கரத்தில் வலப்பக்கக் கம்பி அதிகம் இறுகி நிற்கும். இதில் இரண்டு பக்கமும் சமம். விரலால் சுண்டினால் ஒரே சுருதி வரும். குழம்பு கொதிக்கிற அடுப்பைவிட்டு வந்து அவளும் சுண்டிப் பார்த்து, "தேவலாம்" என்றாள். அவள் வாயில் அது பத்மஸ்ரீ.

கவலைப்படாதீர்கள், முன் பிரேக் வைத்திருக்கிறேன். ஃபிக்ஸிக்கும் முன் பிரேக் வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். கால் மட்டும் ஓயவில்லை. ஒன்று சொல்கிறேன்: நம் பக்கம் யானை துரத்தும்போது மிதிப்பதை நிறுத்தாமல் இருக்க இதைவிடச் சரியான வண்டி கிடையாது.

கடைசியாகத் தொழில் விஷயம். இங்கே பழைய ராலே வைத்திருக்கும் பெரியவர்கள் 28-ஒன்றரை இஞ்ச், 40 துளை பின்ரிம்முக்கு அலைகிறார்கள். அவர்கள் நாட்டு அளவுதான், ஆனால் அவர்கள் கைவிட்டுவிட்டார்கள், நாம் விடவில்லை. உங்கள் பரணில் அது தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். விலை எழுதுங்கள். எல்லோரிடமும் பைக் வந்துவிட்டது என்று கடையைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். தம்பி கம்ப்யூட்டர் படிக்கட்டும், கூடவே கோட்டம் எடுக்கவும் கற்றுக்கொடுங்கள். நான் பார்த்தவரை, லண்டனில் கம்ப்யூட்டர் தெரிந்தவனுக்குப் பஞ்சமில்லை.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்