சதுர அடி என்ன ரேட்டுங்க?

இந்த வாரம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் பிளக்ஸ் பற்றியவை. ஆவணி முகூர்த்தம் நெருங்கிவிட்டது என்பதைக் காலண்டர் பார்க்காமலே தெரிந்துகொண்டேன். கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை. பாதிப் பேர் ஒருவருக்கொருவர் பக்கத்துக் கடைக்காரர்கள்.

கே: பிளக்ஸ் கடை ஆரம்பிக்கப் போறனுங்க. சதுர அடிக்கு என்ன ரேட் சொல்லலாம்? (பெருமாநல்லூர்)

ப: இது பார்ட்டி கேட்கிற கேள்வி. கடைக்காரர் கேட்க வேண்டியது, "நாளுக்கு எத்தனை அடி ஓடும்?" என்பது.

ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வாடகை, மெஷின் தவணை, ஆபரேட்டர், டிசைனர், கரண்ட் எல்லாம் சேர்த்து மாதம் 90,000 ரூபாய். 26 நாள் வேலை. நாளுக்கு 600 அடி ஓடினால் மாதம் 15,600 அடி; ஓர் அடியின் தலையில் 5 ரூபாய் 77 காசு ஏறும். 300 அடிதான் ஓடுகிறது என்றால் அதே தலையில் 11 ரூபாய் 54 காசு. ரோலும் இங்க்கும் இன்னும் கணக்குக்குள்ளேயே வரவில்லை. பக்கத்துக் கடை ரேட்டைக் காப்பியடித்தால் அவருடைய ரேட் வரும். அவருடைய 600 அடி வராது.

என்னைக் கேட்டால், முதல் வருடம் மெஷினே வாங்காதீர்கள். ஒரு கம்ப்யூட்டர், ஒரு நல்ல டிசைனர், பிரிண்ட் வெளியே ஜாப் ஒர்க். நாலு பவர் டேபிள் போட்டு ஆரம்பித்துக் கம்பெனி முதலாளி ஆனவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கும் ஊரில் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கே: பக்கத்துக் கடைக்காரர் அடிக்கு ஒரு ரூபாய் குறைத்துவிட்டார். நானும் குறைக்கவா? (காங்கயம் ரோடு)

ப: அவர் குறைத்தது ரூபாயையா, ஜி.எஸ்.எம்-ஐயா என்று முதலில் பாருங்கள்.

திருப்பூரில் இதற்கு ஆராய்ச்சிக்கூடம் தேடி அலைய வேண்டாம். பனியன் கம்பெனி செக்கிங்கில் துணியை வட்டமாக வெட்டும் ஜி.எஸ்.எம். கட்டர் இருக்கிறதல்லவா, அதை ஒரு அரை மணி நேரம் இரவல் வாங்குங்கள். அது வெட்டும் வட்டம் சரியாக 100 சதுர சென்டிமீட்டர். எடை போட்டு நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். 2.2 கிராம் என்றால் 220. துணி 10 ஜி.எஸ்.எம். குறைந்தால் லாட்டையே திருப்பி அனுப்பும் முதலாளி, தன் கம்பெனி பேனரை மட்டும் தடவிப் பார்த்து, "கெட்டியாத்தான் இருக்குது" என்பார்.

அதோடு நிற்காமல் டெனியரும் கேளுங்கள். பிளக்ஸ் என்பது உள்ளே பாலியெஸ்டர் நூல், இரண்டு பக்கமும் பி.வி.சி. பூச்சு. பூச்சைத் தடித்துப் போட்டே எடையை ஏற்றிவிடலாம். காற்றில் கிழியாமல் பிடித்து நிற்பது நூல். ரோலின் விவரத்தில் 200க்கு 300 டெனியர், 18க்கு 12 என்பது மாதிரி எழுதியிருக்கும். முன்னது நூலின் பருமன், பின்னது நெருக்கம். இதைப் பார்ட்டியிடம் வாயால் சொல்லாதீர்கள். இரண்டு துண்டையும் கையில் கொடுத்துக் கிழிக்கச் சொல்லுங்கள்.

கே: வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? (அனுப்பர்பாளையம்)

ப: வாழ்த்துகள். 'க்' சேர்த்தால் இங்க் கூடும்; சதுர அடிக் கணக்கில் அதற்குக் காசு வராது.

கே: 7க்கு மூன்றரை அடி பேனர். 24½ சதுர அடிக்குத்தான் காசு தருவேன் என்கிறார் பார்ட்டி. நியாயமா? (மங்கலம்)

ப: கணக்கு நியாயம். ரோல்தான் ஒத்துழைக்காது. ரோல் 3, 4, 5, 6 அடி என்றுதான் வருகிறது, மூன்றரையில் இல்லை. நாலடி ரோலில் ஓட்டினால் ஓடுவது 28 அடி. மூன்றரை அடி உங்கள் காலடியில் சுருண்டு கிடக்கும். விற்றதில் 14 சதவீதம். கட்டிங் டேபிளில் இவ்வளவு வேஸ்ட் விழுந்தால் கட்டிங் மாஸ்டருக்கு அன்றைக்கே கணக்கு முடித்திருப்பார்கள்.

எனவே இரண்டே வழி. ஒன்று, 28 அடிக்கு பில் போடுவது. இன்னொன்று, "அதே காசுக்கு நாலடி உயரமாகவே அடித்துத் தருகிறேன், உங்கள் பெயரைப் பெரிதாகப் போடலாம்" என்பது. பெயர் பெரிதாகும் என்றால் மறுத்தவரை நான் பார்த்ததில்லை. இதோடு தைரியமாக ஒரு மினிமம் சார்ஜும் எழுதி ஒட்டுங்கள். இரண்டுக்கு ஒன்று பேனருக்கும் கம்ப்யூட்டரை ஆன் செய்துதான் ஆக வேண்டும்.

கே: டிசைனுக்குத் தனியாகக் காசு கேட்டால் பார்ட்டி ஓடிவிடுகிறார். கேட்பதா, விடுவதா? (ராயபுரம்)

ப: இதற்கு என் சொந்தக் கதை.

என் கடை ஆரம்பித்த புதிது. ஒரு கம்பெனிக்கு 'ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டெய்லர்கள் உடனடித் தேவை' என்று தமிழிலும் இந்தியிலும் மூன்று பேனர், எட்டுக்கு நாலு. மேனேஜர் போனில் நம்பர் சொன்னார், நான் அடித்தேன். டிசைன் இலவசம் என்பதால் சரிபார்ப்பதும் இலவசமாகிவிட்டது. அதாவது யாரும் செய்யவில்லை. கட்டிய மூன்றாம் நாள் எனக்கு ஒரு போன். தாராபுரத்திலிருந்து ஓர் அம்மா. "தம்பி, எனக்குத் தைக்கத் தெரியாதுன்னு இந்தில எப்படிச் சொல்றது?" கடைசி இலக்கம் 6க்குப் பதில் 9. பேனரின் கீழ் மூலையில் பொடி எழுத்தில் இருந்த என் கடை நம்பர் மட்டும் சுத்தமாக, சரியாக இருந்தது. வேலை கேட்டு அவருக்குப் போன் செய்த யாரோ ஒரு டெய்லரிடமே அதை வாங்கியிருக்கிறார். 96 சதுர அடி, என் செலவில் மறுபடி ஓடியது.

பிளக்ஸ் தொழிலில் நஷ்டம் ரோலில் வருவதில்லை, இங்க்கில் வருவதில்லை. இப்படித்தான் வரும். ஒரு பனியனுக்கு நூல், நிட்டிங், டையிங், கட்டிங், தையல், பட்டன், பாலிதீன் பை வரை பைசா சுத்தமாகக் காஸ்டிங் போடும் ஊர் இது. பேனருக்கு மட்டும் நீளம் பெருக்கல் அகலம், கதை முடிந்தது. டிசைனர் உட்கார்ந்த இரண்டு மணி நேரமும், "மாமா போட்டோவைக் கொஞ்சம் மேலே ஏத்துங்க" என்று வந்த ஏழு போனும் எந்த அடியில் சேரும்?

சாயப்பட்டறைக்குத் துணி போகும் முன் லேப் டிப் அடித்து, பையர் ஓகே சொல்லாமல் ஒரு கிலோகூட நனைக்க மாட்டார்கள். பேனரிலும் அதையே செய்யுங்கள். காசு கொடுக்கப் போகிறவர் யாரோ அவரே வாட்ஸ்ஆப்பில் 'ஓகே' என்று போட வேண்டும். தம்பி, மச்சான், மேனேஜர் ஓகே செல்லாது. போன் நம்பரையும் தேதியையும் ஒவ்வொரு இலக்கமாக அவரை வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு திருத்தம் வரை சும்மா, மூன்றாவதிலிருந்து காசு. பில்லில் 'டிசைன் 200' என்று எழுதி, வேண்டியவருக்கு அதே பில்லில் 'தள்ளுபடி 200' என்று அடித்துக் கொடுங்கள். இலவசமாக வாங்கியதை ஊர் மறந்துவிடும். தள்ளுபடி வாங்கியதை நாலு பேரிடம் சொல்லும்.

கே: வாட்ஸ்ஆப்பில் வரும் தமிழை டிசைனில் ஒட்டினால் கொம்பு இடம் மாறி ஓடுகிறது. ஏன்? (அவினாசி)

ப: வருவது யூனிகோடு, உங்களிடம் இருப்பது தாத்தா காலத்துக் கோரல்டிரா. யூனிகோடில் எழுத்துக்குப் பின்னால் சேமித்திருக்கும் கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டத் தெரிந்த மென்பொருள் வேண்டும். புதியதுக்கு மாறுங்கள், அல்லது பாமினி மாதிரி பழைய எழுத்துருவுக்கு மாற்றி ஒட்டுங்கள். பாமினியில் அடித்ததை மெஷின்காரருக்கு அனுப்பும் முன் மறக்காமல் கர்வ் ஆக்குங்கள். அந்த எழுத்துரு அவரிடம் இல்லையென்றால் 'நல்வரவு' ஆங்கிலக் குப்பையாக வந்து நிற்கும்.

கே: அடக்கம் 100 ரூபாய். 30 சதவீதம் லாபம் வைத்து 130க்குக் கொடுக்கிறேன். மாதக் கடைசியில் அந்த 30ஐக் காணோமே? (பல்லடம்)

ப: 130இல் 30 என்பது 23 சதவீதம்தான். விற்கிற விலையில் 30 வேண்டும் என்றால் 100ஐ 0.7ஆல் வகுக்க வேண்டும். 143 ரூபாய் வரும். மிச்சத்தை வராத பாக்கியில் தேடுங்கள்.

கே: மூன்று மாதத்தில் தலைவர் முகம் நீலமாகிவிட்டது. இங்க்கில் கலப்படமா? (குமரன் ரோடு)

ப: கலப்படம் வேண்டியதில்லை, வெயில் போதும். மஞ்சளும் மெஜந்தாவும் முதலில் வெளுக்கும்; சையான் கடைசிவரை நிற்கும். அதனால் எந்தக் கட்சித் தலைவரும் சித்திரைக்குப் பிறகு நீலகண்டர்தான். ஒரு நாள் விழாவுக்குச் சாதா பிளக்ஸ் போதும். வருடக்கணக்கில் நிற்க வேண்டிய கடை போர்டுக்கு வினைல் ஒட்டி லேமினேஷன் போடச் சொல்லுங்கள். அதற்கு ரேட்டும் வேறு என்று கையோடு சொல்லிவிடுங்கள்.

கே: ஆடிக் காற்றுக்குப் பேனரில் அரை வட்டமாக ஓட்டை போட்டுவிட்டால் தாங்குமா? கட்டுவதற்கும் நாங்களே பொறுப்பா? (உடுமலை)

ப: பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அந்தக் காற்றை நம்பித்தான் உங்கள் பக்கம் காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். நீங்கள் கட்டுவதும் ஒரு இறக்கை. கரண்ட் மட்டும் வராது.

மணிக்கு 54 கிலோமீட்டர் காற்று, பத்துக்கு எட்டு பேனர் என்று வையுங்கள். அதன் மேல் விழும் தள்ளு சுமார் 100 கிலோ. இரண்டு சிமெண்ட் மூட்டை. காற்று வேகம் இரட்டித்தால் மூட்டை எட்டாகும். 80 சதுர அடி பேனரில் பத்தில் ஒரு பங்கு தள்ளைக் குறைக்கவே எட்டு சதுர அடிக்கு ஓட்டை வேண்டும். அவ்வளவு வெட்டினால் மணமகனும் போய்விடுவார், மணமகளும் போய்விடுவார். வெட்டிய இடத்திலிருந்துதான் கிழிசலும் ஆரம்பிக்கும். ஓரத்தை மடித்து ஒட்டி, உள்ளே கயிறு விட்டு, ரிங்கை நெருக்கமாக அடியுங்கள். சட்டத்துக்குக் கனமான ரீப்பர் போடுங்கள். இதெல்லாம் சதுர அடி ரேட்டில் அடங்காது; தனி பில்.

பொறுப்பு விஷயத்தில் விளையாட்டு வேண்டாம். 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த கல்யாண பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் வந்த 23 வயதுப் பெண் கீழே விழுந்து, பின்னால் வந்த தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தார். அந்த பேனரை அச்சடித்த கடைக்கும் சீல் விழுந்தது. நமக்குப் பக்கத்தில், கருமத்தம்பட்டியில், 2023 ஜூன் 1 அன்று விளம்பரப் பலகைக்கான இரும்புச் சட்டம் சரிந்து, மேலே வேலை செய்துகொண்டிருந்த மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். ரோட்டோரத்துக்கு என்று தெரிந்தால் அனுமதிக் கடிதம் கேளுங்கள், அனுமதி எண்ணையும் தேதியையும் பேனரின் அடியில் அச்சடியுங்கள். "நாங்க பாத்துக்கறோம், நீங்க அடிங்க" என்பவரின் ஆர்டரை விட்டுவிடுங்கள்.

கே: தேர்தல் பேனர் ஆர்டர் எடுக்கலாமா? (காதர்பேட்டை)

ப: எடுக்கலாம், அட்வான்ஸோடு. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவுப்படி அச்சடித்தவர், வெளியிடுபவர் இருவர் பெயரும் முகவரியும் அதில் இருக்க வேண்டும். ஆர்டர் கொடுப்பவர் தான் யார் என்று கையெழுத்திட்டு, அவரை நேரில் தெரிந்த இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்தும் போட்டுத் தர வேண்டும். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. சாட்சிக்கு இரண்டு பேர் கேட்டால் இருபது பேர் வருவார்கள். பாக்கி கேட்டுப் போகும்போது அதே வீட்டில் ஆள் இருக்காது.

கே: பனியன் ஊரில் பிளாஸ்டிக் பேனர் எதற்கு? பனியன் துணியிலேயே அடிக்கக் கூடாதா? (ஊத்துக்குளி)

ப: ஆசை நல்லது. பனியன் துணி இழுபடும். நாலு மூலையில் கட்டினால் சாயங்காலத்துக்குள் தலைவருக்குத் தொப்பை விழும். நிட்டிங் வேண்டாம், தறித் துணி வேண்டும்; சோமனூர், பல்லடம் பக்கத்துக் காடாத் துணி மாதிரி. வெறும் காடாவில் சால்வென்ட் இங்க் அப்பிக்கொண்டு பரவும். மேலே பூச்சு கொடுத்த துணி வேண்டும். சப்ளிமேஷன் பருத்தியில் பிடிக்காது, பாலியெஸ்டரில்தான் பிடிக்கும். விலை பிளக்ஸைவிட அதிகம் என்பதுதான் உண்மையான தடை.

2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க 100 மைக்ரானுக்குக் குறைந்த பி.வி.சி. பேனருக்குத் தடை. நாம் புழங்கும் பிளக்ஸ் அதைவிடத் தடிமன் என்பதால் சட்டத்தின் மேல் தாண்டிப் போகிறது. கேரளம் 2019 ஆகஸ்டிலேயே பி.வி.சி. பிளக்ஸுக்குத் தடை போட்டது. உடுமலையிலிருந்து மலை ஏறி இறங்கினால் சட்டம் வேறு. இங்கும் ஒரு நாள் வரும். அன்றைக்குத் துணி பேனர் அடிக்கத் தெரிந்தவருக்குத்தான் வரிசை நிற்கும். பழையதை எரிக்கும் வேலை மட்டும் வேண்டாம், பி.வி.சி. எரிந்தால் வரும் புகை மூக்கை அமிலமாக அறுக்கும், டையாக்ஸினும் சேர்ந்து வரும்.

கே: கண்ணீர் அஞ்சலி பேனருக்கு எவ்வளவு கூட்டலாம்? ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்புகிறார்களே! (கருவம்பாளையம்)

ப: ஒரு பைசாவும் கூட்டாதீர்கள். பேரம் பேசாமல் வரும் ஒரே பார்ட்டி அது. அதில் கூட்டி வாங்கினால் ஊர் முழுக்கச் சாவு வீட்டிலேயே பேசுவார்கள். வாலிப வயது போட்டோவை அனுப்புவார்கள். பிறந்த வருடத்தை மட்டும் இரண்டு தடவை கேளுங்கள்.

கே: எங்க ஊட்டு மாட்டுக் கொட்டகைக்கு மேல பழைய பிளக்ஸ் போட்டிருக்கிறோமுங்க. தலைவர் படம் வெளியே தெரியற மாதிரி போடறதா, உள்ளே தெரியற மாதிரி போடறதா? (குன்னத்தூர்)

ப: உள்ளே. பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் அதை வெயிலுக்குக் காட்டுங்கள், சூடு குறையும். மாடு தலைவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அசைபோடட்டும். பால் குறைந்தால் மட்டும் திருப்பிப் போடுங்கள்.