வாசலில் குள்ளம், ராட்டினத்தில் நெட்டை

மச்சான் இன்று காலை குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கணக்கு போட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாகப் போய்வந்த பார்க் செலவு. ரயில், பஸ், டிக்கெட், தண்ணீர் பாட்டில், பாப்கார்ன் எல்லாவற்றையும் தலைக்கு இவ்வளவு என்று பிரித்து, முடிவில் "மாமா தர வேண்டியது 43 ரூபாய்" என்று எழுதி, பக்கத்தில் கும்பிடும் கை ஒன்றையும் ஒட்டியிருக்கிறான். அந்தத் தண்ணீர் பாட்டிலில் இருந்து என் வாயில் ஒரு சொட்டு விழவில்லை. குடித்தது முழுக்க அவன். என் வீட்டுக்காரி அதற்குக் கட்டைவிரலை உயர்த்தியிருக்கிறாள். உடன்பிறந்த பாசம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கீழே இன்னொரு வரி சேர்த்திருக்கிறான்: "அடுத்த தடவை இன்னும் சிக்கனமாப் போலாம்."

இன்னும் சிக்கனமாகவா? மூச்சு விடுவதை நிறுத்திவிட்டா? அவனுக்குச் சொன்னால் புரியாது. உங்களுக்குச் சொல்கிறேன். நாங்கள் போன லட்சணத்தைக் கேளுங்கள்.

எங்களுக்கு அனுப்பம்பட்டு. மீஞ்சூருக்கு அடுத்த ஸ்டேஷன், பொன்னேரிக்கு முந்தினது. பார்க் இருப்பதோ கிழக்குக் கடற்கரைச் சாலையில். சென்னையில் யார் கேளிக்கைப் பூங்கா கட்டினாலும் நகரத்துக்குத் தெற்கே போய்த்தான் கட்டுகிறார்கள். விஜிபி ஈஞ்சம்பாக்கத்தில், எம்ஜிஎம் முட்டுக்காட்டில், கிஷ்கிந்தா தாம்பரம் பக்கம், இப்போது வந்திருக்கும் வொண்டர்லா திருப்போரூர் பக்கம். கொஞ்சம் மாற்றி யோசித்தவர்கள் மேற்கே செம்பரம்பாக்கத்தில் குயின்ஸ்லேண்ட் கட்டினார்கள். வடக்கே வரலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்காக எங்களை மறந்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அத்திப்பட்டில் ஒரு அனல் மின் நிலையம், வல்லூரில் இன்னொன்று, எண்ணூரில் ஒரு துறைமுகம், காட்டுப்பள்ளியில் ஒரு துறைமுகம், மணலியில் சுத்திகரிப்பு ஆலை என்று அள்ளி அள்ளிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் ரயில் ஜன்னலில் புகைபோக்கியை எண்ணித்தான் ஒன்று, இரண்டு கற்றுக்கொண்டார்கள். சறுக்கி விளையாட ஆசையா? கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் சாம்பல் சேறு இருக்கிறது. டிக்கெட் கிடையாது, நாள் முழுக்கச் சறுக்கலாம்.

"பக்கத்துலயே பழவேற்காடு இருக்கே" என்பார்கள் அடையாறு, திருவான்மியூர் நண்பர்கள். இருக்கிறது. டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, வாசலிலேயே எலும்புக்கூடு செதுக்கி வைத்திருக்கிறார்கள். பேய் வீட்டுக்கென்று தனிக் காசு வாங்கும் பார்க்குக்காரர்கள் வந்து பார்க்கவேண்டிய வேலைப்பாடு. ஆனால் பழவேற்காடு எனக்கு மாமியார் ஊர். மாமியார் வீட்டுக்குப் போவதை உலகத்தில் எவனும் சுற்றுலாக் கணக்கில் எழுதியதில்லை. ஏரியில் படகு? 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றிப்பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பிறகு உல்லாசப் படகுக்குத் தடை. அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் எடுப்பதில்லை.

ஆக, தெற்கே கிளம்பினோம். மச்சான்தான் திட்டம். மின்சார ரயிலில் சென்ட்ரல் வரைக்கும் தகராறு இல்லை. அங்கிருந்து மெட்ரோ வேண்டாம், பஸ்தான் என்றான். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லையே. மாமியார், என் வீட்டுக்காரி, பெரியவள் என்று மூன்று பேர் இலவசம். இந்த மிச்சத்துக்காக வந்த டீலக்ஸ் பஸ்ஸை எல்லாம் கையசைத்து வழியனுப்பினோம். பிங்க் பஸ் வந்தபோது அதில் ஏற முடியாத கூட்டம். அடுத்ததற்கு நின்றோம். வெயில் ஏறியதில் ஆளுக்கொரு மோர் பாக்கெட் வாங்கிய செலவில் மெட்ரோவில் பாதி தூரம் போயிருக்கலாம். இதை நான் சொன்னேன். மோர் உடம்புக்கு நல்லது என்றான்.

இப்போது உயரத்துக்கு வருகிறேன். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியாது போலிருக்கிறது.

ரயில்காரர்கள் வயதைக் கேட்கிறார்கள். ஐந்துக்குக் கீழே இலவசம், பன்னிரண்டுக்குக் கீழே அரை டிக்கெட். வயது வாயால் சொல்வது, ஆகவே நம் கையில் இருப்பது. எங்கள் பெரியவளுக்கு நாலே முக்கால் வயது இரண்டரை வருடம் நடந்தது. அதே காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவளுக்கு ஐந்தரை ஆகியிருந்தது. பேங்க்கில் ஐந்தே கால். கண்டக்டரைக் கண்டால் தானாக மடியில் ஏறி விரல் சூப்பும் அளவுக்கு அவளுக்குப் பயிற்சி இருந்தது. மூன்றாம் வகுப்பு படிக்கும்போதும் சூப்பினாள்.

பார்க்குக்காரர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கிறது. வயதைக் கேட்பதே இல்லை. கவுன்ட்டர் பக்கத்துச் சுவரில் ஒரு ஒட்டகச்சிவிங்கியை வரைந்து, அதன் கழுத்தில் 140 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டுவிட்டார்கள். கோட்டுக்குக் கீழே தலை இருந்தால் சிறுவர் டிக்கெட், மேலே போனால் பெரியவர் டிக்கெட். சுவருக்கு எப்படிப் பொய் சொல்வது?

மச்சான் ஒரு வாரமாக ஆராய்ச்சி செய்தான். சின்னவன் 141. வீட்டு நிலைப்படியில் பென்சிலால் கோடு போட்டுத் தினமும் அளந்தான். ஒரு சென்டிமீட்டரைக் கரைக்கவேண்டும். காலையில் எழுந்திருக்கும்போது மனிதன் நெட்டையாக இருப்பான், நடந்து திரிந்தால் முதுகெலும்புத் தட்டுகள் அமுங்கி சாயங்காலத்துக்குள் ஒரு சென்டிமீட்டர் குறைவான் என்று எங்கோ படித்துவிட்டு வந்தான். அது உண்மைதான், டாக்டர்களும் சொல்கிறார்கள். அதனால் பார்க்குக்கு சாயங்காலமாகப் போகலாம் என்றான். சாயங்காலம் ஆறு மணிக்கு மூடுகிறார்களே என்றதும், அப்படியானால் பையனைக் காலையிலேயே நடக்கவிட்டு அமுக்குவோம் என்றான். அனுப்பம்பட்டு ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் விடியற்காலையில் ஒரு சிறுவன், முதுகில் புளிசோற்றுப் பையோடு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்தவர்கள் தண்டனை என்று நினைத்திருப்பார்கள்.

மாமியார் தன் பங்குக்கு அவன் தலையில் அரை கிண்ணம் நல்லெண்ணெய் ஊற்றிப் படிய வாரிவிட்டார். முடி அரை சென்டிமீட்டர் என்பது அவர் கணக்கு. ஷூ வேண்டாம், தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. அதற்கு மேல் என்னுடைய தொளதொள டிராக் பேன்ட். அதற்குள் முழங்காலை மடக்கினாலும் வெளியே தெரியாது.

நம்பமாட்டீர்கள், பலித்துவிட்டது. செக்யூரிட்டி பார்த்தார், ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தார், சிறுவர் டிக்கெட் கிழித்தார்கள். மச்சான் என் தோளில் தட்டினான். மிச்சமான தொகையைச் சொல்லி, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து மிச்சம் என்றான். 2018 ஜனவரிக்கு முன்னால் 28 சதவீதம் இருந்தது, அப்போது வந்திருந்தால் இன்னும் மிச்சம் என்று வருத்தப்பட்டான். சிக்கனக்காரர்களின் மூளை வேலை செய்யும் விதம் இது. செலவு எவ்வளவு பெரிதோ மிச்சமும் அவ்வளவு பெரிது.

உள்ளே போனோம். சின்னவன் நேரே ஓடியது பெரிய ரோலர் கோஸ்டருக்கு. அங்கே ஒரு சுவர், அதில் அதே ஒட்டகச்சிவிங்கி, அதே கோடு. இந்தத் தடவை கோட்டுக்கு மேலே தலை இருந்தால்தான் அனுமதி.

பையன் எங்களைப் பார்த்தான். நாங்கள் மச்சானைப் பார்த்தோம்.

காலையில் அமுக்கியதை எல்லாம் இழுக்கவேண்டியதாயிற்று. மச்சான் அவனைக் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கி உதறினான். செருப்புக்குள் பார்க் வரைபடத்தை எட்டாக மடித்து வைத்தான். முடியை மேலே கோதிவிட்டுப் பார்த்தான். மாமியார் ஊற்றியது செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய், ஒரு மயிர் எழுந்து நிற்கவில்லை. அதோடு பையன் பழக்க தோஷத்தில் சுவரைக் கண்டதும் முழங்காலை மடக்கிவிட்டான். "நேரா நில்றா, நேரா நில்றா" என்று குடும்பமே கத்துகிறது. வாசலில் இருந்த செக்யூரிட்டி கூட்டம் குறைந்ததும் ராட்டினத்துக்கு டூட்டி மாறி வந்திருந்தார். "காலையில பார்த்ததுக்கு வளந்துட்டியேப்பா" என்றார், வெகு மரியாதையாக.

விடவில்லை. விடாதது நியாயம். அந்தக் கம்பியும் பெல்ட்டும் இன்ன அளவு உடம்பைப் பிடித்து வைக்கத்தான் செய்திருக்கிறார்கள், அங்கே வரைபடத்தை மடித்து வைத்து ஏற்றுகிறவனுக்கு அறிவில்லை. இதை நான் மச்சானிடம் சொன்னேன். அறிவில்லாதவன் யார் என்று என் வீட்டுக்காரி கேட்டாள்.

இதில் கொடுமை பெரியவள். அவள் ஐந்தடி மூன்று அங்குலம், ஏமாற்ற வழியில்லாமல் முழு டிக்கெட் வாங்கிய ஜீவன். எல்லா ராட்டினத்துக்கும் உரிமை உண்டு. அவள் ஒன்றிலும் ஏறவில்லை. தலை சுற்றும் என்று பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்தாள். போன் பார்க்க அனுப்பம்பட்டிலேயே நல்ல சிக்னல்.

பொன்னேரியில் சித்திரை மாதம் அகத்தீஸ்வரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் சந்திக்கும் திருவிழாவில் ராட்டினம் வரும். அங்கே ஒட்டகச்சிவிங்கி கிடையாது. ராட்டினக்காரர் ஆளைப் பார்ப்பார், "குழந்தையைப் புடிச்சிக்கோம்மா" என்பார், அவ்வளவுதான். அது பாதுகாப்பா என்று கேட்காதீர்கள். 1893-ல் சிகாகோ பொருட்காட்சிக்காக ஃபெர்ரிஸ் என்ற எஞ்சினியர் முதல் ராட்சத ராட்டினத்தைச் செய்தபோது ஐம்பது சென்ட் வாங்கிக்கொண்டு இரண்டே சுற்றுதான் சுற்றிக் காட்டினார்கள். பொன்னேரியில் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போனால் போதும் போதும் என்று கத்தும் வரை சுற்றுவார்கள்.

சாப்பாட்டு விஷயம் சொல்லவில்லையே. வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. பையைத் திறந்து பார்த்தார்கள். புளிசோறு போயிற்று, தயிர்சாதம் போயிற்று. மாமியார் பழவேற்காட்டில் இருந்து கொண்டுவந்த இறால் தொக்கு டப்பாவை அந்தப் பெண் மோந்து பார்த்துவிட்டு ஒரு கணம் யோசித்தாள், பிறகு அதையும் அலமாரியில் வைத்துவிட்டாள். 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் சினிமா தியேட்டர்களுக்கு இப்படித்தான் சொல்லிவிட்டது: வெளிச் சாப்பாட்டைத் தடுக்கலாம், குடிதண்ணீர் இலவசமாகத் தரவேண்டும். ஜிலேபி தின்றுவிட்டு சீட்டில் கை துடைத்தால் என்ன செய்வது என்று நீதிபதி சந்திரசூட் கேட்டாராம். இறால் தொக்கைப் பற்றி ஒருவரும் வாதாடவில்லை போலிருக்கிறது.

வரிசை வேறு. வெயிலில் நாங்கள் ஒரு மணி நேரம் நின்றிருக்க, அதிகக் காசு கட்டினவர்கள் தனி வழியில் சிரித்துக்கொண்டே போனார்கள். மாமியாருக்குப் பொறுக்கவில்லை. பழவேற்காட்டுக் குப்பங்களில் பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரியில் இன்ன இடத்தில் இன்றைக்கு யார் வலை கட்டுவது என்பதை முறை வைத்துத்தான் முடிவு செய்வார்கள். பெரிய படகுக்காரன், பணக்காரன் என்றெல்லாம் குறுக்கே புக முடியாது. "காசு குடுத்தவன் முன்னாடி வலை கட்டலாம்னா அப்புறம் பாடு எதுக்குய்யா?" என்று அந்தத் தனி வழியில் நின்ற பையனை அவர் கேட்டார். அவன் கையில் இருந்த ஸ்கேனரைப் பார்த்தான். அதில் பதில் இல்லை.

விஜிபி பன்னீர்தாஸ் தவணை முறையில் ரேடியோவும் கடிகாரமும் விற்றுப் பேர் வாங்கியவர். அவர் குடும்பம் கட்டிய பார்க்கில் அசையாமல் நிற்கும் சிலை மனிதரைச் சிரிக்க வைத்தால் பரிசு என்பார்கள். எங்கள் சித்தப்பா ஒருவர் டிக்கெட் காசை அதில் மீட்டுவிடலாம் என்று ஒரு மதியம் பூராவும் அவர் முன்னால் குட்டிக்கரணம் போட்டார். சித்தி சிரித்தார், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சம்பந்தப்பட்டவர் சிரிக்கவில்லை. சிக்கனம் எங்கள் ரத்தத்தில் ஓடுவது.

என்னைக் கேட்டால் நான் எதிலும் ஏறவில்லை. லாக்கருக்கு வாடகை கேட்டார்கள். வாடகைக்குப் பதில் மாமா இருக்கிறாரே என்று மச்சான் சொன்னான். அலைக்குளத்துக்கு எதிரே ஒரு சிமென்ட் பெஞ்சில், எல்லோருடைய பை, செருப்பு, போன், ஈரத் துண்டு, மாமியாரின் மூக்குக்கண்ணாடி, பெரியவளின் சார்ஜர் எல்லாவற்றுக்கும் காவலாக, முழு டிக்கெட் வாங்கின மனிதன் முழு நாளும் உட்கார்ந்திருந்தேன். ஒருவன் என்னிடம் வந்து டோக்கன் கேட்டான். லாக்கர் கவுன்ட்டர் என்று நினைத்துவிட்டான்.

வெளியே வரும்போது மச்சானைக் காணவில்லை. டிக்கெட் கவுன்ட்டரில் விசாரித்துக்கொண்டிருந்தான். அடுத்த தடவை ஒருத்தர் எதிலும் ஏறமாட்டார், சும்மா பெஞ்சில்தான் உட்காருவார், அவருக்கு ஏதாவது குறைச்சு கிடைக்குமா என்று. அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள்: "அப்படி எதுவும் இல்ல சார். உயரம் 140-க்குக் கீழ இருந்தாத்தான்."

மச்சான் திரும்பி என்னை உச்சி முதல் பாதம் வரை ஒரு தரம் பார்த்தான்.