பெட்டிச் செய்திக்குள் வன்னி

இசைச் சஞ்சிகைக்குப் பக்கம் அமைப்பவர்களின் கெட்டித்தனத்தை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஒரு பாடகரின் வாழ்க்கை முழுவதையும் ஆறேழு பக்கத்துக்குள் அடக்கச் சொன்னால் அடக்கித் தருவார்கள். முதல் இரண்டு பக்கத்தையும் விளிம்பு வரை நிறைத்து ஒரு முகம் நிற்கும். அதன்மேல் கொட்டை எழுத்தில் தலைப்பும் கீழே இரண்டு வரி முன்னுரையும் வரும். உள்ளே கட்டுரையின் முதல் எழுத்து மூன்று வரி உயரத்துக்கு எழுந்து நிற்கும். பேட்டியில் காரமான ஒரு வசனத்தைத் தனியே எடுத்துப் பக்கத்தின் நடுவில் பெரிதாகப் போடுவார்கள். பாடகர் போர் நடந்த நாட்டில் இருந்து வந்தவரானால் அந்தப் போருக்கும் இடமுண்டு. ஓரத்தில், சாம்பல் நிறப் பெட்டிக்குள், எல்லாவற்றிலும் சிறிய எழுத்தில்.

இந்தக் கலைக்குப் பெரிய ஆசான்கள் இருந்திருக்கிறார்கள். எண்பதுகளில் லண்டனின் 'த ஃபேஸ்' சஞ்சிகைக்கு நெவில் பிரோடி எழுத்துருக்களையே புதிதாக வரைந்தார். அமெரிக்காவில் 'ரே கன்' சஞ்சிகையின் டேவிட் கார்சன் அவரையும் தாண்டினார். 1994இல் பிரையன் ஃபெரி என்ற பாடகரின் பேட்டி தனக்குச் சலிப்பூட்டியதால், அதை முழுவதுமாகக் குறியீட்டுச் சின்னங்களில் கோர்த்து அச்சேற்றினார். ஓர் எழுத்தையும் வாசிக்க முடியாது. பாடகர் சொன்னதை விடப் பக்கத்தின் தோற்றம் முக்கியம் என்று இவ்வளவு ஒளிவுமறைவில்லாமல் எவரும் எடுத்துக் காட்டியதில்லை. அந்த நேர்மைக்காகவே அவரை மதிக்கிறேன். அவருக்குப் பின் வந்தவர்கள் அதே காரியத்தை வாசிக்கக்கூடிய எழுத்தில் செய்யப் பழகிக்கொண்டார்கள்.

எங்கள் மண்ணோடு தொடர்புபட்ட இடத்தில்தான் அந்தத் திறமை உச்சத்தைத் தொட்டது. மாதங்கி அருள்பிரகாசம், உலகம் அறிந்த பெயரில் எம்.ஐ.ஏ., 1975இல் லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, அகதியாக மீண்டும் லண்டன் போனவர். அங்கே கலைக் கல்லூரியில் படித்தவர். 2005இல் தகப்பனின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதையே முதல் இசைத்தட்டுக்கு வைத்தார். அதன் அட்டையில் புலியும் தாங்கியும் துப்பாக்கியும் பளிச்சென்ற நிறங்களில் வரிசை கட்டி நின்றன. அவர் வாய்ப்பாட்டோடு நில்லாமல் வரைந்தும் தந்ததால் பக்கம் அமைப்பவர்களுக்கு வேலை மிச்சமாயிற்று. எங்கள் போர் அவர்கள் மேசைக்கு வரும்போதே அலங்காரமாக வந்தது. பின்னணிக்கு அதைப் பரப்பினால் போதும். யாருடைய தாங்கி, எந்த ஊரில் ஓடியது என்ற கேள்விகள் ஓர் அழகான பின்னணிக்குத் தேவையில்லை என்பதை அவர்கள் சரியாகவே விளங்கிக்கொண்டார்கள்.

2009 சனவரி 2ஆம் திகதி வன்னியில் கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தது. 25ஆம் திகதி முல்லைத்தீவு. பெப்ரவரி முதற்கிழமையில் புதுக்குடியிருப்பு மருத்துவமனைமீது எறிகணைகள் விழ, நோயாளிகளைப் புதுமாத்தளனுக்குக் கொண்டுபோனார்கள். பெப்ரவரி 8ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸில் கிராமி விருது மேடையில் எம்.ஐ.ஏ. நிறைமாத வயிற்றோடு ஏறிப் பாடினார். சில நாட்களுக்கு முன்னர்தான் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியொன்றில் வன்னியில் நடப்பது இனப்படுகொலை என்று அவர் சொல்லியிருந்தார். அந்த நேரத்தில் அந்தச் சொல்லை அந்த நாட்டு மேடையில் சொல்ல எங்களுக்கு வேறு எத்தனைபேர் இருந்தார்கள்? மேடைப் படங்கள் உலகெங்கும் அச்சாயின. கறுப்பு வெள்ளைப் புள்ளி போட்ட அந்த உடுப்பின் ஒவ்வொரு புள்ளியும் துலங்கியது. எதைப் பெரிதாக்குவது என்பதில் பக்கம் அமைப்பவர்களுக்குக் கை நடுங்கவே இல்லை. குண்டு விழுந்த மருத்துவமனையை ஓர் உடுப்பின் பக்கத்தில் வைத்தால் பக்கம் குலைந்துவிடும். அவர்கள் குலைய விடவில்லை.

2010 மே 30ஆம் திகதி 'நியூ யோர்க் ரைம்ஸ்' தன் ஞாயிறு சஞ்சிகையின் அட்டையில் அவரைப் போட்டது. முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து ஓராண்டும் பன்னிரண்டு நாளும் ஆகியிருந்தன. ஒருகாலத்தில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வன்னிச் சனத்தைக் கம்பிவேலிக்குள் வைத்திருந்த செட்டிகுளம் மெனிக் பாம் அப்போதும் மூடப்படவில்லை. அதற்கு 2012 செப்ரெம்பர் வரை போனது. ஆனால் அந்த நீண்ட கட்டுரையில் உலகத்தின் நினைவில் நின்றது ஓர் உருளைக்கிழங்குப் பொரியல். 'நான் வெளியாளாகவே இருக்க விரும்புகிறேன்' என்ற கருத்துப்பட அவர் சொன்ன வசனத்தின் வாலில், விலைகூடிய ட்ரஃபிள் காளான் மணமூட்டிய பொரியலைத் தின்றபடி சொன்னார் என்று ஒட்டியிருந்தது. மேற்கோளை எங்கே நிறுத்துவது, அதன் அருகில் எதை வைப்பது என்ற கலையில் இதைவிடத் தேர்ந்த கைவேலையை நான் காணவில்லை. ஒரு பொரியல் துண்டு போதும், கம்பிவேலிக்குள் இருந்தவர்களுக்காகப் பேசிய வாயை அடைக்க. எம்.ஐ.ஏ. தன்னிடம் இருந்த ஒலிப்பதிவை வெளியிட்டார். அந்தப் பொரியலை எடுக்கலாம் என்று சொன்னவர் பேட்டி எடுத்தவரே என்பது அதில் கேட்டது. பேட்டியில் வெவ்வேறு இடத்தில் சொன்ன வசனங்களை ஒரே மேற்கோளாகச் சேர்த்ததையும் பத்திரிகை பின்னர் ஆசிரியர் குறிப்பொன்றில் ஒப்புக்கொண்டது. அந்தக் குறிப்புக்கும் அளவு தெரிந்து இடம் கொடுத்தார்கள். அட்டையில் அல்ல.

இந்தக் கலை அமெரிக்காவோடு நின்றுவிட்டது என்று நினைத்து நாங்கள் தாழ்வுணர்ச்சி கொள்ள வேண்டியதில்லை. வன்னியில் கலாசார விழாவுக்கு விழா வெளிவரும் மலர்களை விரித்துப் பாருங்கள். ஆளுநர், செயலாளர், அரசாங்க அதிபர், பிரதேச செயலாளர் என்று பதவி ஒழுங்கு பிசகாமல் வாழ்த்துச் செய்திகள் வரும். ஆளுக்கொரு பக்கம், வழுவழுப்பான தாள், முழு வர்ணம். ஒருவரின் படம் மற்றவருடையதை விட அரை அங்குலமும் கூடாது. எல்லா வாழ்த்தும் கிட்டத்தட்ட ஒரே வசனங்களைப் பேசினாலும் ஒவ்வொன்றுக்கும் தனிப்பக்கம் கொடுக்கும் தாராளம் வேறெங்கும் கிடைக்காது. வர்ணத்தாள் அவற்றோடு முடிந்ததும் கறுப்பு வெள்ளையில் கலை தொடங்கும். முல்லைத்தீவின் கோவலன் கூத்தைப் பற்றிய கட்டுரையில், கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரின் படம் அடையாள அட்டைக்கு எடுத்த அளவில் இருக்கும். கட்டுரை மத்தளத்தைப் பற்றிச் சொல்லும். மூலையில் அழகுக்கு ஒரு வீணை இருக்கும். பறையைப் பற்றிய கட்டுரைக்கும் அதே வீணைதான். எந்தக் கலைக்கும் ஒரே வாத்தியம் போதும் என்ற இந்தச் சமத்துவத்தை வன்னியில் வேறெந்தத் துறையும் இன்னும் எட்டவில்லை.

இதைவிட நான் வியப்பது பாட்டை அச்சிடும் முறையை. கூத்துப் பாட்டில் விருத்தம் ஒருவிதமாக நீளும், தரு வேறுவிதமாக முறியும். வரி எங்கே முடிகிறதோ அங்கேதான் அண்ணாவியார் மூச்செடுப்பார், அங்கேதான் பிற்பாட்டுக்காரர் ஏந்துவார், மத்தளம் விழும். கண்ணால் பார்த்தே பாட்டைப் பிடித்துக்கொள்ள வரி முறிவு ஒன்றுதான் வழி. மலரை அமைப்பவர்கள் வரிகளையெல்லாம் ஒன்றாக்கி, உரைநடைபோல இரண்டு பத்தியில் ஓட்டி, ஓரங்களை நூல் பிடித்ததுபோல் நேராக்கிவிடுகிறார்கள். தாளக்கட்டும் பாட்டும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். பார்வைக்கு அவ்வளவு ஒழுங்கு! ஊரூராக இடம்பெயர்ந்த சனம் கைவிட்ட பெட்டிகளோடு எத்தனையோ கூத்துக் கொப்பிகளும் போய்விட்டன. கிழவர்களின் ஞாபகத்தில் இருந்து திரும்பச் சொல்லவைத்து எழுதிய பாட்டுக்கு அச்சுப் பக்கத்தை விட்டால் வேறு பிரதி கிடையாது. அந்தப் பாட்டில் வரி முறிக்காததால் நாலு பக்கம் மிச்சமாகிறது. அந்த நாலு பக்கத்தில் இன்னும் நாலு பெரியவர்களின் வாழ்த்துச் செய்தி முழு வர்ணத்தில் அச்சாகிறது.