கழற்றித்தான் பார்ப்போமே!

சென்னையில் நூறு வீடுகள் உள்ள எந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனாலும் அவர் இருப்பார். பெயர் தெரிய வேண்டியதில்லை. "மிக்ஸியெல்லாம் கழட்டுவாரே, அந்த சார்" என்றால் போதும், வாட்ச்மேன் லிஃப்ட் வரைக்கும் வந்து வழி காட்டுவார். தொழில் தெரிந்த மெக்கானிக் என்று நினைத்துவிடாதீர்கள். வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவராக இருக்கலாம். மென்பொருள் கம்பெனியில் பத்துப் பேரை மேய்ப்பவராகவும் இருக்கலாம். காசு கொடுத்து ஆளைக் கூப்பிட வசதியில்லாதவரும் அல்ல. தன் வீட்டுப் பொருளை வேறொருவர் திறப்பதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்க அவரால் முடியாது, அவ்வளவுதான்.

இவருக்கு அட்சராப்பியாசம் நடந்தது சீலிங் ஃபேனில். ஏதோ ஒரு மே மாதம் ஃபேன் ஆமை வேகத்துக்கு இறங்கியிருக்கும். எலெக்ட்ரீஷியன் "இதோ வர்றேன் சார்" என்று சொல்லி வராமல் இருந்திருப்பார். தெருமுனைக் கடைக்காரர் கொடுத்த 2.5 மைக்ரோஃபாரட் கண்டென்சரை இவரே ஸ்டூல் போட்டு ஏறி மாட்ட, ஃபேன் பிய்த்துக்கொண்டு சுழன்றது. அன்று பிடித்தது வினை. அதற்கப்புறம் உலகத்தில் உள்ள இயந்திரம் அத்தனையும் அவருக்குச் சீலிங் ஃபேனின் ஒன்றுவிட்ட தம்பிகள். எது நின்றாலும் முதல் தீர்ப்பு, "கண்டென்சர் போயிருக்கும்."

மிக்ஸிக்குக் கார்பன் பிரஷ், கிரைண்டருக்கு பெல்ட், குழாய்க்கு வாஷர் என்று படிப்படியாக ஏறி வந்தவருக்கு 2020இல் பெரிய யோகம் அடித்தது. ஊரடங்கில் வேலைக்கு வரும் அக்கா வர முடியவில்லை. அதுவரை டிஷ்வாஷரை அமெரிக்காவில் மகன் வீட்டில் மட்டுமே பார்த்திருந்த குடும்பங்கள், முன்பணம் கட்டிக் காத்திருந்து வாங்கின. அவர் வீட்டிலும் ஒன்று வந்து இறங்கியது. கை தேயாமல் பாத்திரம் தேயுமே என்று வீட்டம்மா சந்தோஷப்பட்டார். அவரோ வாரண்டி அட்டையை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், இரண்டு வருஷம் என்றைக்கு முடிகிறது என்று பார்த்தார்.

அந்த இரண்டு வருஷமும் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. திறக்கக் கூடாது, வாரண்டி போய்விடும். ஆகவே கேட்டார். சாப்பிட்டு முடித்து மெஷின் ஓடத் தொடங்கியதும் நாற்காலியைச் சமையலறை வாசலில் போட்டுக்கொண்டு, வந்தவர் போனவருக்கெல்லாம் வர்ணனை. "க்ளிக்னு கேட்டுச்சா? இன்லெட் வால்வு. இப்போ உப்பறை வழியாத் தண்ணி வருது. இது சர்க்குலேஷன் பம்ப். இன்னும் கொஞ்ச நேரத்துல ஹீட்டர் பிடிக்கும்." விருந்தாளிகள் தலையாட்டுவார்கள். டிவியில் ஓடும் சீரியலில் யாரோ யாரையோ விஷம் வைத்துக் கொல்லும் கட்டம் வீணாகப் போகும்.

ஆனால் திறக்காமலும் செய்யக்கூடிய திருப்பணிகள் உண்டு. நம்மூர் போர்த் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கடின நீர் என்பதால், டிஷ்வாஷருக்குள் தண்ணீரை மென்மையாக்கும் பிசின் உருண்டைகள் கொண்ட ஒரு பகுதி இருக்கும். சுண்ணாம்பைப் பிடித்துவைக்கும் அந்த உருண்டைகளைக் கழுவிப் புதுப்பிக்கத்தான் உப்பு. அதற்கென்று விற்கும் உப்பின் விலையைப் பார்த்ததும் அவருக்கு ரத்தம் கொதித்தது. "சோடியம் குளோரைடு சோடியம் குளோரைடுதானே?" என்று மரக்காணத்துக் கல்லுப்பைக் கொட்டினார். கடலிலிருந்து வரும் கல்லுப்பில் கால்சியமும் மெக்னீசியமும் ஒட்டிக்கொண்டு வரும். எதை விரட்ட உப்புப் போடுகிறோமோ அதையே உப்போடு உள்ளே அனுப்பியாயிற்று. கண்ணாடி டம்ளர்களில் விபூதி பூசியதுபோல் வெள்ளை படிந்தபோது, டிடிஎஸ் மீட்டரை நீட்டித் தண்ணீரைக் குற்றம் சொன்னார். (அந்த மீட்டர் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டுமே தவிர, கடினத்தை மட்டும் பிரித்துக் காட்டாது. அவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், ராத்திரிச் சாப்பாடு அங்கேதான்.)

வாரண்டி முடிந்தது. மெஷினும் கெட்டிக்காரத்தனமாக அதுவரை காத்திருந்து நின்றது. கதவைத் திறந்தால் அடியில் கலங்கல் தண்ணீர். ரசத்தின் தெளிவுகூட இல்லை. இப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். கவலை தெரிய வேண்டும் என்பதற்காகப் புருவத்தை மட்டும் சுருக்கியிருப்பார். மற்றபடி மாப்பிள்ளை அழைப்புக்குக் கிளம்புகிறவரின் களை. லுங்கியை மடித்துக் கட்டியாயிற்று. தலையில் மாட்டும் டார்ச், பீப் என்று கத்தும் மல்டிமீட்டர், பிஸ்கட் டப்பா நிறைய ஸ்க்ரூ, எல்லாம் தரையில் விரித்த பழைய செய்தித்தாளுக்கு வந்து சேர்ந்தன. இவரிடம் எல்லா ஸ்க்ரூடிரைவரும் உண்டு, மெஷினில் இருக்கும் நட்சத்திரத் தலை ஸ்க்ரூவுக்குப் பொருந்துவதைத் தவிர. அதற்காக ரிச்சி தெருவுக்கு ஒரு யாத்திரை. போனவர் போன வேலைக்கு அதை மட்டுமா வாங்குவார்? எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சால்டரிங் அயனும் வந்தது.

"ஏங்க, கம்பெனிக்கு ஒரு போன் பண்ணிடலாமே" என்றார் வீட்டம்மா.

"அவன் வந்தா போர்டு போச்சும்பான். பத்தாயிரம் எடுத்து வை."

வேடிக்கை என்னவென்றால், இவருடைய சந்தேகமும் போர்டு மேல்தான். இந்த இனத்தாருக்குப் பெரிய வியாதிதான் பிடிக்கும். போர்டு, மோட்டார், ஹீட்டர் என்று மேலிருந்தே ஆரம்பிப்பார்கள். மெஷினின் அடித்தட்டில் ஒரு சின்ன மிதவை உண்டு; எங்காவது கசிந்து தட்டில் தண்ணீர் சேர்ந்தால் அது எழும்பி மெஷினை நிறுத்திவிடும். மொட்டைமாடித் தொட்டி நிரம்பினால் மோட்டார் நிற்கிற அதே வித்தைதான். அதைக் கேள்விப்பட்டதும், ஐம்பது கிலோ கனக்கும் மெஷினை வாட்ச்மேன் ஒரு பக்கமும் எதிர்வீட்டுக் கல்லூரிப் பையன் ஒரு பக்கமும் பிடிக்க, சாய்த்தார். அடித்தட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை. உள்ளே தேங்கியிருந்த கலங்கல்தான் மொத்தமாகச் சமையலறையில் இறங்கியது. "பார்த்தீங்களா, லீக்!" என்றார்.

அப்படியே பின்பக்கம் திறந்து, பக்கத் தகடு கழற்றி, ஒயரையெல்லாம் போட்டோ பிடித்து, இரண்டு நாள் சமையலறையைச் சாலைப் பராமரிப்புத் துறை போல ஆக்கிவிட்டு, கடைசியில்தான் மெஷினோடு வந்த கையேட்டைத் திறந்தார். அதில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? வடிகட்டியை எடு, தேங்கிய தண்ணீரை ஸ்பான்ஜால் ஒற்று, வடிகால் பம்பின் மூடியை ஒரு ஸ்பூனால் நெம்பு. ஆமாம், ஸ்பூன். சில மாடல்களின் கையேடுகள் இந்த வேலைக்கு வெளிப்படையாகச் சிபாரிசு செய்யும் கருவி அதுதான். ஸ்பூன் கொடுத்தது வீட்டம்மா. மூடி கழன்றது. பம்பின் விசிறிக்கு நடுவே, முருங்கைக்காய்ச் சக்கை சுற்றிய ஒரு புளியங்கொட்டை.

வடிகட்டியின் நிலையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வாங்கியதிலிருந்து அவர் அதைத் தொட்டதில்லை. தட்டில் ஒட்டியிருக்கும் கறிவேப்பிலையையும் கடுகையும் வழித்துப் போட்டுவிட்டு அடுக்குவதும், வாரத்துக்கொரு முறை வடிகட்டியைக் குழாயடியில் காட்டி அலசுவதும் வீட்டு வேலை. அதை மனைவி செய்ய வேண்டும். மனைவி ஊருக்குப் போயிருந்த மூன்று வாரத்தில் அது அடைத்து மெஷின் நின்றால், அதே வடிகட்டியை அலசுவது இன்ஜினியரிங். அதை அவர் செய்வார். முன்னதற்கு நன்றி கிடையாது. பின்னதற்குக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் நான்கு படம், ஒரு நீண்ட குரல் பதிவு, அடியில் அறுபது கைகூப்பல்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் முதல் டிஷ்வாஷர் தயாரிப்பாளர்கள் உதிரிபாகங்களைப் பல வருஷம் கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் வந்ததையும், 2022இல் நம் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்குக் குழு போட்டு, டிசம்பரில் அதற்கென்று இணையதளம் திறந்ததையும் அவர் அந்தக் குரல் பதிவில் சொல்லியிருந்தார். நியாயமான விஷயங்கள்தான், நல்ல மெஷினை ஐந்நூறு ரூபாய்ப் பொருளுக்காகத் தூக்கிப் போடச் சொல்கிறவர்களைக் கேள்வி கேட்க இந்த மாதிரி ஆசாமிகள் வேண்டும். ஆனால் அந்த ஐரோப்பியச் சட்டத்தின் பட்டியலில் ஒரு குசும்பு இருக்கிறது. பம்ப், ஹீட்டர், போர்டு போன்றவை தொழில்முறை மெக்கானிக்குகளுக்கு. வீட்டுக்காரர் கேட்டு வாங்கக்கூடியவற்றில் கதவு ரப்பர், தட்டடுக்கு, தண்ணீர் பீய்ச்சும் கை, அப்புறம் வடிகட்டி. பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இவரைத் தெரிந்திருக்கிறது. அந்தப் பகுதியைக் குரல் பதிவில் காணோம்.

வெற்றிக் களிப்பில் அவர் வரலாற்றுக்குள்ளும் போவார். "இதைக் கண்டுபிடிச்சதே ஒரு அம்மாதான், தெரியுமா? ஜோசபின் காக்ரேன். அமெரிக்காவில இல்லினாய் பக்கம். 1886இல் காப்புரிமை வாங்கினாங்க. பீங்கான் தட்டெல்லாம் வேலைக்காரங்க கையில உடையுதேன்னு ஆரம்பிச்சாங்க. 1893 சிகாகோ கண்காட்சியில அவங்க மெஷின்தான் பாத்திரம் கழுவிச்சு."

"அந்தம்மா வீட்டுக்காரர் என்ன பண்ணாராம்?"

"அவர் 1883லயே போயிட்டாரு."

"அதான் மெஷின் உருப்பட்டிருக்கு" என்று சொல்லிவிட்டு வீட்டம்மா சாதம் வடிக்கப் போனார்.

மெஷின் திரும்பப் பூட்டப்பட்டது. பிஸ்கட் டப்பாவில் இரண்டு ஸ்க்ரூ மிச்சம். "கம்பெனிக்காரன் தேவையில்லாம நிறையப் போட்டிருக்கான்" என்பது தீர்ப்பு. ஓட விட்டார். உள்ளே தண்ணீர் சுழன்றது. வெளியே போகத்தான் மறுத்தது. பம்ப் மூடியைச் சரியாக அழுத்திப் பொருத்தாவிட்டால் அப்படித்தான் ஆகும். அவர் போர்டைச் சந்தேகப்பட்டுச் சால்டரிங் அயனைச் சூடேற்றிக்கொண்டிருக்கையில், வீட்டம்மா கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டார்.

மறுநாள் ஒரு பையன் முதுகில் பையோடு வந்தான். குனிந்தான். அவன் தலைக்கு மேலே இவர் டார்ச் பிடித்தார். பையன் வடிகட்டியை எடுத்து, உள்ளே கை விட்டு, கட்டைவிரலால் ஒரு அழுத்து. டக்.

"மூடி உட்காரலை சார். யாரு திறந்தது?"

"போன தடவை வந்த உங்க ஆளுதான் தம்பி. வேலை தெரியாத ஆள்."

பையன் போனில் தேடிப் பார்த்தான். "உங்க வீட்டுக்கு கம்ப்ளெயின்ட் பதிவாகுறதே இதுதான் சார் முதல் தடவை."

அவர் அசரவில்லை. டார்ச்சைப் பையனின் பைக்குள் திருப்பினார்.

"அதை விடுங்க. அந்த நீளமான நட்சத்திர பிட் எங்க கிடைக்குது? ரிச்சி தெருவில இல்லேன்னுட்டான்."