அஷ்டமியில் ஆரம்பியுங்கள்!

கேள்வி: டெலஸ்கோப்பும் டி.எஸ்.எல்.ஆர். கேமராவும் வாங்கியாயிற்று. நாளைக்கே நெபுலா எடுத்துவிடலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

பதில்: பெண் பார்த்த மறுநாளே பேரனுக்குக் காது குத்த முடியுமா? முதலில் நிலாவோடு பழகுங்கள். ஐபீஸைக் கழற்றுங்கள். கேமராவின் லென்ஸையும் கழற்றிவிட்டு, டி-ரிங், அடாப்டர் போட்டு அதே இடத்தில் மாட்டுங்கள். இனி டெலஸ்கோப்தான் உங்கள் லென்ஸ். ஐ.எஸ்.ஓ. 200, ஷட்டர் 1/125 நொடி என்று ஆரம்பித்துக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். பௌர்ணமி வேண்டாம், வெளிச்சம் நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது. நல்ல காரியத்துக்கு அஷ்டமி ஆகாது என்பார்கள். இந்தக் காரியத்துக்கு வளர்பிறை அஷ்டமிதான் முகூர்த்தம்!

கேள்வி: 20 நொடி ஷட்டரைத் திறந்துவைத்தேன். நட்சத்திரமெல்லாம் புழுவாக நீள்கிறதே, டெலஸ்கோப்பில் கோளாறா?
– வாசகி, ஆத்தூர்

பதில்: டெலஸ்கோப் சமர்த்து. சுற்றுவது பூமி, மணிக்கு 15 டிகிரி. சாதா முக்காலியில் 18 மி.மீ. லென்ஸ் 15 நொடிவரை தாங்கும். 1000 மி.மீ. டெலஸ்கோப் அரை நொடிகூடத் தாங்காது. அதனால் பெரிய குழாய்க்குச் செலவழிக்கும் காசை, வானத்தோடு கூடவே நகரும் மோட்டார் வைத்த ஈக்குவடோரியல் மவுண்ட்டில் போடுங்கள். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். அதன் அச்சு வட துருவத்தைப் பார்க்க வேண்டும். துருவ நட்சத்திரமோ சென்னையில் 13 டிகிரி, கன்னியாகுமரியில் 8 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி போதும், மறைத்துவிடும். மொட்டை மாடியில் வடக்கு திறந்திருக்கும் மூலையைப் பகலிலேயே பிடித்துவையுங்கள்.

கேள்வி: சூரியனையும் எடுக்கலாமா?
– வாசகர், அறந்தாங்கி

பதில்: குழாயின் முன்வாயில் சோலார் ஃபில்டர் இல்லாமல் ஒரு நொடிகூடக் கூடாது. கண்ணும் போகும், கேமராவும் போகும்.

கேள்வி: என் படத்தில் ஒரே புள்ளி புள்ளியாக இரைச்சல். மற்றவர்கள் படம் மட்டும் எப்படிப் பளிச்சென்று இருக்கிறது?
– வாசகர், தென்காசி

பதில்: அவர்களுடையது ஒரு படமல்ல, ஒரு கட்டு. ஒரே இடத்தை 64 முறை எடுத்துச் சராசரி பார்த்தால் இரைச்சல் எட்டில் ஒரு பங்காகிவிடும். டீப்ஸ்கைஸ்டேக்கர் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்துதரும். ரா ஃபார்மட்டில் எடுங்கள். அதே ஐ.எஸ்.ஓ., அதே ஷட்டர் நேரத்தில் மூடி போட்டும் சில படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நிலாவிலிருந்து நெபுலாவுக்கு எத்தனை நாளாகும்?
– மீண்டும் பொள்ளாச்சி வாசகர்

பதில்: ஜான் வில்லியம் டிரேப்பர் 1840-இல் நிலாவைப் படம் எடுத்தார். ஓரியன் நெபுலாவை முதன்முதலில் எடுத்தவர் அவர் மகன் ஹென்றி, 1880-இல். அந்தக் குடும்பத்துக்கு 40 வருடம்! உங்களுக்கு வரும் ஜனவரியே போதும். இரவு பத்து மணிவாக்கில் திருவாதிரை நட்சத்திரத்துக்குத் தெற்கே, வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்கும் கீழே திருப்புங்கள். லைவ் வியூவில் பத்து மடங்கு பெரிதாக்கி, நட்சத்திரம் ஊசிமுனையாகும்வரை ஃபோகஸ் செய்யுங்கள். ஐ.எஸ்.ஓ. 1600, 30 நொடி. திரையில் ஒரு ரோஜா நிறத் திட்டு தெரியும். மாமல்லபுரத்தில் பல்லவர்கள் கல் செதுக்கிய காலத்தில் அங்கிருந்து கிளம்பிய ஒளி அது.