ரத்தம் பொருந்தினால் போதாதா?

கேள்வி: ரத்த வகை ஒன்றாக இருந்தால் சிறுநீரகத்தைப் பொருத்திவிடலாமே, எச்.எல்.ஏ. பரிசோதனை எதற்கு?

பதில்: ராசியை மட்டும் பார்த்துக் கல்யாணத்தை முடிக்கலாம் என்கிறீர்கள்! எச்.எல்.ஏ. அடையாளப் புரதங்கள் வெள்ளையணுக்களிலும் உண்டு, சிறுநீரகத்திலும் உண்டு. அதனால் பெறுபவரின் ரத்தச் சீரத்தில் கொடுப்பவரின் வெள்ளையணுக்களை விட்டு, எதிர்ப்பொருளுக்குத் துணைபோகும் காம்ப்ளிமென்ட் புரதத்தையும் சேர்க்கிறார்கள். இதுதான் கலப்புச் சோதனை. அந்த அடையாளங்களைத் தாக்கும் எதிர்ப்பொருள் சீரத்தில் இருந்தால் அணு சாகும். செத்த அணுவுக்குள் சாயம் ஏறும். 1969-இல் ஆய்வாளர்கள் படேலும் தெரசாகியும் வெளியிட்ட கணக்கைப் பாருங்கள்: அணுக்கள் செத்த 30 பேரில் 24 பேருக்குச் சிறுநீரகம் உடனே பழுதானது, சாகாத 195 பேரில் 8 பேருக்குத்தான்.

'இப்போதுதான் நல்ல மருந்துகள் வந்துவிட்டனவே' என்பீர்கள். வழக்கமான மருந்துகள் இனி எழப்போகும் எதிர்ப்பை அடக்கும். பழைய ரத்தமேற்றலாலோ கர்ப்பத்தாலோ உருவாகி, ஏற்கெனவே காத்திருக்கும் எதிர்ப்பொருளிடம் அவற்றின் அதிகாரம் செல்லாது. 'கொடுப்பவர் கூடப்பிறந்தவராயிற்றே' என்றாலும், முழுப் பொருத்தத்துக்கு வாய்ப்பு நாலில் ஒன்றுதான். பாசம் அந்தக் கணக்கில் சேராது. இன்று டி.என்.ஏ.வையே எழுத்தெண்ணிப் படிக்கிறார்கள். ஆனாலும் பழைய கலப்புச் சோதனைக்கு ஓய்வில்லை. இருவரும் எவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பதை டி.என்.ஏ. சொல்லும், அந்த வேறுபாட்டுக்காக உடம்பு ஏற்கெனவே கத்தி தீட்டி வைத்திருக்கிறதா என்பதைச் சீரத்திடம்தான் கேட்கவேண்டும்.